தையலின் நீளமும் மலைப்பாதையின் நீளமும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி விசாரிக்கப் போகிறவர்கள் இன்று முதலில் கேட்பது தையல் எவ்வளவு பெரியது என்றுதான். சின்னத் தையல், தசையை வெட்டுவதில்லை, மறுநாளே நடை என்ற வாக்குறுதி பெருநகர மருத்துவமனைகளின் விளம்பரங்களில் ஏதோ ஒரு வடிவில் இருந்துகொண்டே இருக்கிறது. கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு வயலில் வேலை செய்யும் ஒருவருக்கு இடுப்பு மூட்டு கெட்டுப்போனால், அவர் பெரும்பாலும் மலையிறங்கித் திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ மதுரைக்கோதான் போகவேண்டும். அவருக்கு இந்த வாக்குறுதி எவ்வளவு பொருந்தும்? கடந்த 20 ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் சான்றுகளைப் பார்த்தால், நோயாளி எப்படித் தேறுகிறார் என்பதில் வெட்டின் நீளத்துக்கு உள்ள பங்கு மிகச் சிறியது என்று தெரிகிறது. மூட்டு எந்தச் சாய்வில் பொருத்தப்பட்டது, நோயாளி எவ்வளவு சீக்கிரம் எழுந்து நின்றார், வீடு திரும்பிய பிறகு நடக்கப் பழக்க யார் வந்தார் என்பவற்றின் பங்கு பெரியது. கொடைக்கானலைச் சுற்றிய பழனி மலையின் சிற்றூர்களில் இந்த மூன்றில் கடைசியானதுதான் கைக்கு எட்டாமல் இருக்கிறது.

இடுப்பு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. குருத்தெலும்பு தேய்ந்தாலோ, ரத்த ஓட்டம் நின்று தலை உள்ளுக்குள்ளேயே இற்றுப்போனாலோ ஒவ்வோர் அடியும் வலியாகிறது. வட இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்ளான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து தோற்றது. 1962 நவம்பரில் கடினமான பாலிஎத்திலீன் கிண்ணமும் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் உலோகப் பந்துமாக அவர் வைத்த மூட்டுதான் இன்றைய சிகிச்சையின் மூலம். 2007இல் லான்செட் இதழ் இதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே குறிப்பிட்டது. பித்தப்பையை நுண்துளை வழியே எடுப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இடுப்பையும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று தோன்றும். பித்தப்பையில் வெளியே வரவேண்டியது ஒரு மென்மையான பை. இடுப்பிலோ தொடை எலும்பின் தலையை அறுத்து வெளியே எடுக்கவேண்டும், கிண்ணத்தைக் குடைந்து புதியதை அடித்துப் பொருத்தவேண்டும், எலும்பின் நடுக்குழிக்குள் ஒரு உலோகத் தண்டை இறக்கவேண்டும். தோலில் எவ்வளவு சின்னதாக வெட்டினாலும் எலும்பில் நடக்கும் வேலை அதேதான். உண்மையான நுண்துளைச் சிகிச்சை இடுப்பிலும் உண்டு. தலையும் கிண்ண விளிம்பும் உரசுவதால் வலி வரும் இளவயதினருக்கு ஆர்த்ராஸ்கோப்பி செய்கிறார்கள். பிரிட்டனில் 348 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வு, நல்ல உடற்பயிற்சிச் சிகிச்சையைவிட அது ஓராண்டு முடிவில் ஓரளவு மேல் என்று காட்டியது. மூட்டை மாற்றும் சிகிச்சைக்கு அந்த முடிவைப் பொருத்திப் பேசமுடியாது.

மூட்டு மாற்றத்தில் சின்ன வெட்டு 2000ஆம் ஆண்டையொட்டிப் பெரிய அலையாக எழுந்தது. சிகாகோவில் ரிச்சர்ட் பெர்கர் இரண்டு சிறு வெட்டுகள் வழியாக எக்ஸ்ரே துணையோடு மூட்டை மாற்றி, நோயாளிகளை அன்றே வீட்டுக்கு அனுப்பிக்காட்டினார். பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு சோதனைகள் வந்தன. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 219 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 10 சென்டிமீட்டருக்குள், மறுபாதிக்கு 16 சென்டிமீட்டர் என்று வெட்டி, அதே கைகள் அதே மூட்டை வைத்தன. 2005இல் வெளியான முடிவு: ரத்த இழப்பு, வலி, நடக்கத் தொடங்கிய வேகம், மருத்துவமனையில் தங்கிய நாட்கள் எதிலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சின்ன வெட்டுக் குழுவில் காயம் ஆறுவதில் சிக்கலும், கிண்ணம் தவறான கோணத்தில் உட்கார்ந்த நிகழ்வுகளும் கூடியிருந்தன. மேயோ மருத்துவமனையில் சடலங்களில் இரு வெட்டு முறையைச் செய்து தசைகளைத் திறந்து பார்த்தார்கள். தசையைத் தொடுவதே இல்லை என்று சொல்லப்பட்ட முறை, நடக்கும்போது இடுப்பைச் சாயாமல் தாங்கும் பக்கவாட்டுப் புட்டத் தசையைக் கிழித்திருந்தது. தோலில் தெரியும் தழும்பு உள்ளே நடந்த சேதத்தின் அளவுகோல் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் பெர்கரின் நோயாளிகள் அன்றே வீட்டுக்குப் போனது பொய்யா? போனார்கள்தான். ஆனால் அவர்கள் இளையவர்கள், உடல் மெலிந்தவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு முன்கூட்டியே விளக்கமும் பயிற்சியும் தந்தார்கள், மயக்கும் வலிமருந்துகளைக் குறைத்தார்கள், அன்றே எழுப்பி நடக்கவைத்தார்கள். இந்த மாற்றங்களில் எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க டென்மார்க் உதவுகிறது. அங்கே அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களிலிருந்து ஒரு கருத்தை விடாமல் வற்புறுத்திவந்தார். அறுவை முறையை மாற்றாமலே, வலியைப் பல மருந்துகளால் ஒருசேரக் கட்டுப்படுத்து, ட்யூப்களைச் சீக்கிரம் எடு, சாப்பிட வை, சில மணி நேரத்தில் நிற்க வை என்பது அது. அந்த நாட்டில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்குப் பின் மருத்துவமனையில் தங்கும் காலம் 2000இல் 10, 11 நாட்களாக இருந்து 2009இல் 4 நாட்களாகச் சுருங்கியது. பெரும்பாலும் வழக்கமான வெட்டுகளோடுதான் இதைச் சாதித்தார்கள். இன்று டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான ஊசிமருந்து ரத்த இழப்பை வெகுவாகக் குறைக்கிறது. தண்டுவட மயக்கமும் மூட்டைச் சுற்றிப் போடும் மரப்பூசியும் முதல் நாள் வலியை அடக்குகின்றன. இவற்றுக்கெல்லாம் புதிய எந்திரமோ இறக்குமதிக் கருவியோ வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையிலும் செய்யக்கூடியவை இவை. விளம்பரப் பலகையில் ஏறாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சின்ன வெட்டு வேறு, தசைகளுக்கு இடையே புகுந்து போகும் முன்பக்க வழி வேறு. இன்று பலர் பரிந்துரைப்பது பின்னதைத்தான். தொடையின் முன்புறம் இரண்டு தசைகளின் இடுக்கு வழியே போகும் அந்த முறையில் எந்தத் தசையையும் எலும்பிலிருந்து பிரிக்கவேண்டியதில்லை என்பார்கள். இதற்குச் சான்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. மேயோ மருத்துவமனையில் 101 பேரிடம் நடத்திய குலுக்கல் ஆய்வில் முன்பக்க வழிக்காரர்கள் 10 நாட்களில் வாக்கரை விட்டார்கள், சிறிய பின்பக்க வெட்டுக்காரர்களுக்கு அது பதினான்கரை நாள் ஆயிற்று. தினக்கூலிக்காரருக்கு நாலரை நாள் சின்ன விஷயம் அல்ல. ஆனால் இரண்டாவது மாத முடிவில் இரு குழுவும் ஒன்றாகிவிட்டன. இன்னொரு பக்கம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 30,098 நோயாளிகளின் பதிவுகளை அலசி 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் பெரிய சிக்கல் ஏற்பட்டவர்கள் முன்பக்க வழியில் சுமார் 2 சதவீதம், மற்ற வழிகளில் சுமார் 1 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் மூட்டு கழல்வதும் ஆழத்தில் சீழ் பிடிப்பதும் மறு அறுவையும் ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வருமானத்தை நிறுத்திவிடும். மிச்சப்படுத்திய நாலரை நாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். முன்பக்க வழி கற்றுக்கொள்ளக் கடினமானது, ஆரம்பக் காலத்தில் தொடை எலும்பு விரிசல் விடும் வாய்ப்பு கூடுதல். ஆகவே எந்த வழி என்று கேட்பதைவிட, இந்த மருத்துவர் இந்த வழியில் எத்தனை செய்திருக்கிறார், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பது பயனுள்ளது. தனக்கு நன்கு பழகிய வழியில் செய்யும் மருத்துவரிடம் சின்ன வெட்டு வேண்டும் என்று வற்புறுத்துவது நோயாளி தனக்கே செய்துகொள்ளும் தீங்கு.

புதியது என்பதாலேயே மேலானதாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த மூட்டின் வரலாற்றிலேயே எச்சரிக்கை இருக்கிறது. உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து சுழலும் டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அவர்களுக்கான இழப்பீட்டை வரையறுக்க மத்திய அரசு 2018இல் நடவடிக்கை எடுக்கும்வரை எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இனி மலைக்கு வருவோம். பெர்லினில் கெயார்க் பெர்க்மான் குழுவினர், அளவிடும் கருவி உள்ளே வைக்கப்பட்ட செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தி, அன்றாட அசைவுகளில் மூட்டின் மேல் விழும் சுமையை நேரடியாகப் பதிவு செய்தார்கள். சமதளத்தில் சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப் போல 2.38 மடங்கு. படி ஏறும்போது 2.51, இறங்கும்போது 2.6. படி ஏறுகையில் தொடை எலும்புக்குள் இருக்கும் தண்டைத் திருகும் விசை சமதள நடையைவிடச் சராசரியாக 23 சதவீதம் அதிகம். கால் தடுக்கித் தடுமாறும் அந்த ஒரு கணத்தில் சுமை எடையின் எட்டு மடங்கைத் தாண்டியது. பழனி முருகனின் படிகளை வருடத்துக்கு ஒருமுறை ஏறும் நகரவாசிக்கு இது ஒரு நாள் கவலை, அவருக்கு விஞ்சும் ரோப் காரும் உண்டு. மலையில் வாழ்கிறவருக்கோ வீட்டிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கும் எல்லாமே ஏற்றமும் இறக்கமும்தான். மழைநாளில் ஈரச் சரிவு வேறு. இவ்வளவு சுமையைத் தாங்கும் கிண்ணம் சரியான சாய்வில் உட்கார்ந்திருக்கவேண்டும். படிக்கட்டு வயலின் கல்வரப்பு லேசாகச் சாய்ந்திருந்தால் முதல் மழையில் சரியாது, பத்தாவது மழையில் சரியும். கிண்ணத்தின் கோணமும் அப்படித்தான். முதல் மாதத்தில் எதையும் காட்டாத தவறு பல ஆண்டுகள் கழித்துத் தேய்மானமாகவும் கழற்சியாகவும் வெளிப்படும்.

மூட்டு நெடுங்காலம் நிற்கவேண்டும் என்பதற்கு இந்தியாவில் இன்னொரு காரணமும் சேர்கிறது. மேலை நாடுகளில் மூட்டு மாற்றத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதுமையில் தேய்ந்த மூட்டுக்காரர்கள். இந்திய இடுப்பு முழங்கால் அறுவை மருத்துவர் சங்கத்தின் பதிவேட்டிலிருந்து 2013இல் வெளிவந்த முதல் அறிக்கையில், இடுப்பு மாற்றங்களுக்கான காரணங்களில் முதலிடம் ரத்த ஓட்டமின்றித் தலை இற்றுப்போதலுக்கு, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதுதான். நீண்டகால ஸ்டீராய்டு, மதுப்பழக்கம், பழைய எலும்பு முறிவு ஆகியவை அதன் முக்கியக் காரணங்கள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ளவர்களை அது தாக்குகிறது. 2019இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வின்படி 25 ஆண்டுகள் நீடிக்கும் இடுப்பு மூட்டுகள் ஏறக்குறைய 58 சதவீதம். 35 வயதில் மூட்டு மாற்றிக்கொள்கிற உழைப்பாளிக்கு, முதல் இரண்டு வாரத்தில் வாக்கரை எப்போது விட்டார் என்பதைவிட, அடுத்த 25 ஆண்டு அந்த மூட்டு நிற்குமா என்பதே வாழ்க்கைக் கேள்வி. அதைத் தீர்மானிப்பதில் தழும்பின் நீளத்துக்கு இடமே இல்லை.

நோயாளி நலமாக இருக்கிறாரா என்று அளக்கும் கோல்களையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1969இல் வில்லியம் ஹாரிஸ் வகுத்த மதிப்பெண் முறை, 1996இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டின் 12 கேள்விகள் ஆகியவைதான் பெரும்பாலான ஆய்வுகளில் பயன்படுகின்றன. வலி இருக்கிறதா, நொண்டுகிறதா, படி ஏறமுடிகிறதா, காலுறை போடமுடிகிறதா, பஸ்ஸிலோ காரிலோ ஏறமுடிகிறதா, நாற்காலியில் உட்காரமுடிகிறதா என்று அவை கேட்கின்றன. குத்துக்கால் வைத்து உட்காரமுடிகிறதா, சம்மணமிடமுடிகிறதா, தலைச்சுமையோடு சரிவில் இறங்கமுடிகிறதா என்று கேட்பதில்லை. பூண்டு நடுவதும் களை எடுப்பதும் குந்திய நிலையில் செய்யும் வேலைகள், பல வீடுகளில் கழிப்பறையும் அப்படியே. நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் வாங்கிய மூட்டோடு ஒருவர் தன் வயலுக்குத் திரும்பமுடியாமல் போகலாம். நம் நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது, கீழே உட்காரவே கூடாது என்ற ஒற்றைக் கட்டளை. முதல் மாதங்களுக்கு அது சரியான எச்சரிக்கை. ஆனால் பின்பக்க வழியில் வைத்த மூட்டு கழலும் அபாய நிலை, தொடையை மடக்கி உள்பக்கமாக ஒடுக்கித் திருப்பும் நிலை. முழங்கால்களை விரித்துக் குந்துவது அதிலிருந்து வேறுபட்டது. மூட்டைச் சுற்றியுள்ள உறையைச் சரியாகத் தைத்து, போதுமான பெரிய பந்தை வைத்தால், யாருக்கு எப்போது எந்த அளவு அனுமதிக்கலாம் என்று மருத்துவர் முடிவுசெய்ய முடியும். அதற்கு அவர் அறுவைக்கு முன்பே நோயாளியின் தொழிலைக் கேட்டிருக்கவேண்டும். கழிப்பறையில் ஒரு பீடம் வைக்கமுடியுமா, களை எடுக்கும் வேலையை நின்று செய்யும் வேலையாக மாற்றிக்கொள்ளமுடியுமா என்ற பேச்சு தையலைப் பற்றிய பேச்சைவிட நோயாளிக்கு அதிகம் உதவும்.

மேலே சொன்னதெல்லாம் நாள் குறித்துச் செய்யும் மாற்றங்கள். முதியவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்தோ அதன் கீழ்ப்பகுதியோ முறிவது தனிக் கதை. இங்கே சின்ன வெட்டுக்கு உண்மையான இடம் உண்டு. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே சில சென்டிமீட்டர் வெட்டு வழியாக ராடு செலுத்தி முறிவைப் பொருத்துவது இன்று சாதாரணம். அப்படியிருந்தும், 850 பேரிடம் ராடையும் பழைய ஸ்குரூ பிளேட்டையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான சர்வதேச ஆய்வில் ஓராண்டு முடிவில் வாழ்க்கைத் தரம் ஒரே மாதிரிதான் இருந்தது. நேரத்தின் கதை இன்னும் முக்கியமானது. இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரைச் சேர்த்து 2020இல் முடிவு வெளியிட்ட ஆய்வு, முறிவு கண்டறிந்த 6 மணி நேரத்தில் அறுவை செய்தவர்களையும் 24 மணி நேரத்தில் செய்தவர்களையும் ஒப்பிட்டது. இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைவு, அவர்கள் முன்னதாகவே எழுந்து நின்றார்கள். ஒப்பீட்டில் தாமதமான குழுவே 24 மணி நேரம் என்பதைக் கவனிக்கவேண்டும். மலைச் சிற்றூரில் விழுந்தவர் சில நாள் வீட்டிலேயே படுத்து, நாட்டுக் கட்டுப் போட்டுப் பார்த்து, பிறகு மலையிறங்கினால் அவர் இந்த ஆய்வின் எந்தக் குழுவிலும் அடங்கமாட்டார். கை முறிவுக்குக் கட்டு உதவியிருக்கலாம். தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் அதன் தலைக்குப் போகும் ரத்தக்குழாய்களே அறுந்துபோகக்கூடும், எந்தக் கட்டும் அங்கே எட்டாது. முதியவரைப் படுக்கவைத்த ஒவ்வொரு நாளும் நுரையீரல் சளி, படுக்கைப் புண், கால் நாளங்களில் ரத்த உறைவு, தசை வற்றுதல் என்று விலை கேட்கும்.

அறுவைக்குப் பிந்தைய கவனிப்பின் வலுவைக் காட்ட நார்வேயின் ட்ரான்ட்ஹைம் ஆய்வு ஒன்றே போதும். இடுப்பு முறிந்த 70 வயதைக் கடந்த 397 பேர். இரு குழுவுக்கும் அறுவை ஒரே நடைமுறைப்படி. ஒரு பாதியினரை எலும்பு வார்டிலும் மறு பாதியினரை முதியோர் மருத்துவ வார்டிலும் வைத்துப் பார்த்தார்கள். முதியோர் வார்டில் உணவு, மருந்து, வலி, உடனே எழுப்பி நடக்கவைத்தல், வீடு திரும்பத் தயார்செய்தல் அனைத்தையும் ஒரு குழு சேர்ந்து பார்த்துக்கொண்டது. நான்காம் மாதத்தில் அவர்களின் நடை மற்றவர்களைவிட மேலாக இருந்தது. கத்தி ஒன்றே, பலன் வேறு.

பழனி மலையின் நிலையை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்றம் சேர்ந்திருப்பதால், அறுவைக்கான பணம் முன்போல் முழுத் தடையாக இல்லை. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனால் மன்னவனூர், கூக்கால், கிளாவரை போன்ற ஊர்களிலிருந்து கொடைக்கானலுக்கு வருவதே ஒரு பயணம், அங்கிருந்து மலையிறங்க இன்னும் சில மணி நேரம். வெள்ளகவி, வண்டிச் சாலையே இல்லாமல் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த ஊராக நெடுங்காலம் இருந்தது. அறுவை முடிந்து மேலே திரும்பிய பிறகு, வாரம் இரண்டுமுறை ஃபிசியோதெரபிக்கு மீண்டும் இறங்கி வா என்பது நடக்காத காரியம். புதிய மூட்டோடு வளைவுகளில் மணிக்கணக்காகப் பஸ்ஸில் மடங்கி உட்காருவதும் நல்லதல்ல. பலர் வருவதே இல்லை என்றால் அதை அவர்கள் அலட்சியம் என்று நான் சொல்லமாட்டேன்.

மலைக்காரர்கள் இயல்பாகவே நடந்து பழகியவர்கள், அவர்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பழகிய நடையே இங்கே சிக்கல். பல ஆண்டு வலியில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தவரின் பக்கவாட்டுப் புட்டத் தசை மெலிந்துபோயிருக்கும். மூட்டை மாற்றினால் வலி போகும், தசை தானாக வராது. அதை வலுப்படுத்தாமல் சரிவில் இறங்கினால் நொண்டல் நிலைத்துவிடும், தடுக்கி விழும் வாய்ப்பு கூடும், தடுக்கும்போது சுமை எட்டு மடங்கு என்பதை மேலே பார்த்தோம். வீட்டிலோ, ஓய்வுதான் மருந்து என்று அன்போடு படுக்கவைப்பார்கள். இந்த இரண்டையும் திருத்த, வீட்டு வாசலில் நின்று, அந்த வீட்டின் படியிலேயே ஏறி இறங்கக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் வேண்டும்.

அதற்கான ஏற்பாடு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடி வரும் ஃபிசியோதெரபியும் அடக்கம். வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அளவு சமவெளிக்கு ஓரளவு தாங்கலாம், ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு மலையே நிற்கும் இடத்தில் தாங்காது. மேல்மலைக்கும், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கத்துக் கீழ்மலைக்கும் தனித்தனியாகப் பயிற்றுநர்கள் வேண்டும். இடுப்பு அறுவை முடிந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனை அன்றே அவர் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் தரவேண்டும், முதல் வாரத்துக்குள் ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும். விழுந்த நேரத்துக்கும் அறுவை நடந்த நேரத்துக்கும் இடைப்பட்ட மணிகளை மாவட்டம் எழுதிவைக்கவேண்டும். காப்பீட்டின் கீழ் செய்யும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஓராண்டு கழித்து, குந்தமுடிகிறதா, வயலுக்குப் போகிறீர்களா என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்டுப் பதியவேண்டும். இதற்கு ஆகும் செலவு ஓர் இறக்குமதி அறுவைக் கருவியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த அறுவை வருமானால், தையல் எத்தனை அங்குலம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனையாவது மணி நேரத்தில் எழுப்பி நிற்கவைப்பீர்கள், எங்கள் ஊருக்கு யார் வந்து பழக்குவார் என்று கேளுங்கள், பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.